கூரை வழியே வரும் பகல்

தூத்துக்குடி மாவட்டக் கடலோரச் சாகுபுரத்தில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா தயாராகிறது. கடற்காற்றில் வரும் அதே உப்புதான் இக்கரையின் ஆலைக் கூரைகளை அரிக்கிறது. சரிவுக் கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடிநார் ஷீட்டுகள் வெயிலில் மஞ்சளித்துத் தேயும். தடவினால் விரலில் நார் குத்தும். ஷீட்டை மட்டும் மாற்றினால் போதாது. துருவேறிய திருகும் வெடித்த வாஷரும் சேர்ந்தே போகவேண்டும். இல்லாவிட்டால் புது ஷீட்டின் ஓரத்திலும் மழை ஒழுகும். எல்.இ.டி. விளக்குதான் மலிவாயிற்றே, தகரத்தால் மூடிவிடலாமே என்பார்கள். ஆனால் பகல் வெளிச்சத்துக்கு மின்கட்டணம் இல்லை. கரண்ட் போனாலும் அது இருக்கும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 17-ஆம் பிரிவில், கூரைச் சாளரங்களை உள்ளும் புறமும் சுத்தமாக வைக்கச் சொன்னது. செலவைவிட எனக்குப் பெரிய கவலை, மேலே ஏறும் தொழிலாளியைப் பற்றியது. நைந்த ஷீட் ஆள் பாரம் தாங்காது. மிதிபலகையும், பாதுகாப்புக் கயிறும், கீழே வலையும் இல்லாமல் யாரையும் ஏற்றக்கூடாது.