கோப்பை வெளியூரில், அரங்கம் வாடகையில்

கால்பந்து அணி ஒன்றின் வரலாற்றைச் சங்கத்தின் ஏடுகள் பதிவு செய்யும் முறை வேறு, அதன் ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கும் முறை வேறு. ஏட்டில் எதிரணியின் பெயரும் கோல் கணக்கும் நாளும் இருக்கும். ரசிகரின் நினைவிலோ அந்தக் கோல் எந்த அரங்கில், எந்தப் பக்கத்துக் கம்பத்துக்குள் விழுந்தது என்பதும், அப்போது தம்மைச் சுற்றி எழுந்த கூச்சல் எப்படி இருந்தது என்பதும் சேர்ந்தே இருக்கும். ஆட்ட முடிவையும் ஆடிய இடத்தையும் பிரிக்க முடியாத இந்த நினைவைக் கொண்டு பார்த்தால், சென்னையின் எஃப்.சி. அணியின் கதை பெருமைக்கும் வருத்தத்துக்கும் ஒருங்கே உரியதாகிறது. இந்தியன் சூப்பர் லீக் எனப்படும் ஐ.எஸ்.எல். போட்டியில் அந்த அணி மூன்று முறை இறுதி ஆட்டத்தை எட்டி, இரண்டு முறை கோப்பையை வென்றிருக்கிறது. ஆனால் அந்த மூன்று ஆட்டங்களில் ஒன்றுகூடச் சென்னையில் நடக்கவில்லை.

2014ஆம் ஆண்டில் ஐ.எஸ்.எல். போட்டி தொடங்கப்பட்டபோது உருவான இந்த அணியின் முதல் பயிற்சியாளர் இத்தாலியரான மார்கோ மாட்டராட்சி. 2006ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்காகக் கோல் அடித்தவரும், அதே ஆட்டத்தில் பிரான்சின் சினெதின் சிதானால் தலையால் முட்டப்பட்டவருமான அவர், மிலான் நகரின் இன்டர் அணியில் நெடுங்காலம் தடுப்பாட்டக்காரராக விளங்கியவர். முதல் பருவத்தில் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்த அவரோடு, அதே நகரின் மற்றொரு பெரிய அணியான ஏ.சி. மிலானின் புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரர் அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்டாவும் சில ஆட்டங்களில் சென்னைக்காகக் களமிறங்கினார். சான் சீரோ என்னும் ஒரே அரங்கைப் பங்கிட்டுக்கொண்டு எதிரெதிரே ஆடிய இருவர் சென்னைப் பெரியமேட்டின் நேரு விளையாட்டரங்கில் ஒரே சட்டை அணிந்து நின்றது, இத்தாலியக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருந்த தமிழ் ரசிகர்களுக்குப் பெரிய பேறாக இருந்தது.

அந்த முதல் பருவத்திலேயே அணி லீக் பட்டியலில் முதலிடம் பெற்றது. அரையிறுதி, இரு அணிகளும் தத்தம் ஊரில் ஒவ்வோர் ஆட்டம் ஆடி இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்க்கும் முறையில் நடந்தது. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் மூன்று கோல்களில் தோற்றுத் திரும்பிய சென்னை, சொந்த அரங்கில் அந்த மூன்றையும் திருப்பி அடித்துச் சமன் செய்தது. கூடுதல் நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது கேரளா ஒரு கோல் அடித்து இறுதிக்குச் சென்றது. தோல்வியில் முடிந்த அந்த இரவுதான் நகரத்தில் ஓர் உண்மையான ரசிகர் கூட்டத்தை உருவாக்கியது என்று கருத இடமுண்டு. ஏனெனில் வெற்றி வேடிக்கை பார்ப்பவர்களையும் அழைத்துவரும், அப்படிப்பட்ட தோல்விக்குப் பிறகும் திரும்பி வருகிறவர்களே ஆதரவாளர்கள்.

2015ஆம் ஆண்டின் பருவம் இதைவிடக் கடுமையானது. பட்டியலின் அடியில் கிடந்த அணி, லீக் சுற்றின் கடைசி நான்கு ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அப்போது சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்திருந்தது. அட்லெடிகோ டி கொல்கத்தாவுக்கு எதிராகச் சொந்த ஊரில் ஆடியிருக்க வேண்டிய முதல் அரையிறுதி ஆட்டம் புனேக்கு மாற்றப்பட்டது. வீடுகளில் புகுந்த சேற்றை அள்ளிக்கொண்டிருந்த மக்களின் அணி, வேற்று நகரத்து அரங்கில் மூன்றுக்குச் சுழியம் என்று வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரணி எஃப்.சி. கோவா, அதாவது அந்த அரங்கின் சொந்த அணி. 87ஆவது நிமிடத்தில் கோவா இரண்டுக்கு ஒன்று என முன்னிலை பெற்றதும் ஆட்டம் முடிந்துவிட்டதாகவே தோன்றியது. 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்காவலரின் கைபட்டுப் பந்து அவருடைய வலைக்குள்ளேயே சென்றது. கூடுதலாகத் தரப்பட்ட நிமிடங்களில் கொலம்பியரான ஸ்டீவன் மெண்டோசா, அப்பருவத்தில் தாம் அடித்த பதின்மூன்றாவது கோலை அடித்துக் கோப்பையைச் சென்னைக்கு உரியதாக்கினார்.

2018 மார்ச் 17 அன்றும் அதுவே நிகழ்ந்தது. ஆங்கிலேயரான ஜான் கிரிகரியின் பயிற்சியில் இருந்த சென்னை, பெங்களூரு எஃப்.சி.யை அதன் சொந்த ஊரில், ஸ்ரீ கண்டீரவா அரங்கில் மூன்றுக்கு இரண்டு என்று வீழ்த்தியது. எதிரணியின் வீட்டுக்குள் நுழைந்து இருமுறை கோப்பையை எடுத்துவந்த அணி இது என்பதை ரசிகர்கள் பெருமிதத்தோடு சொல்வது நியாயமே. ஆயினும் அதற்கு நான்கு நாட்களுக்கு முன்பு நேரு அரங்கில் நடந்த அரையிறுதியை அவர்கள் அதைவிட அன்போடு நினைவுகூர்கிறார்கள். கோவாவை மூன்றுக்குச் சுழியம் என்று வென்ற அந்த ஆட்டத்தில் சென்னையின் முன்கள ஆட்டக்காரர் ஜேஜே இரண்டு கோல்களும் தனபால் கணேஷ் ஒரு கோலும் அடித்தனர். கணேஷ், வடசென்னையின் வியாசர்பாடியில் வளர்ந்தவர். தெருவுக்குத் தெரு கால்பந்து ஆடப்படுவதால் ‘குட்டி பிரேசில்’ என்று அழைக்கப்படும் அந்தப் பகுதிக்கும் அரங்கத்துக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே உண்டு. தம் தெருவில் பந்து உதைத்த ஒருவர், தம் நகரத்து அரங்கில், தம் கண்ணெதிரே கோல் அடிப்பதைப் பார்ப்பதற்கு இணையான இன்பத்தை வெளியூர்க் கோப்பைகள் தந்துவிட முடியாது.

மூன்றாவது இறுதி 2020 மார்ச் 14 அன்று, கொரோனா பரவலால் பார்வையாளரே இல்லாத ஃபட்டோர்டா அரங்கில், கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் ஒன்றுக்கு மூன்று என்ற தோல்வியில் முடிந்தது. அடுத்த இரண்டு பருவங்களும் முழுமையாகக் கோவாவிலேயே நடத்தப்பட்டன. அதற்கு முன்பே, 2019இல் ஆசிய அளவிலான ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடியபோது சென்னையின் ‘சொந்த ஊர்’ ஆட்டங்கள் அகமதாபாத்தில் நடந்திருந்தன. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. ஆனால் காரணங்களையெல்லாம் அடுக்கி வைத்துப் பார்த்தால், தனக்கென்று ஓர் அரங்கம் இல்லாத அணியின் நிலை தெளிவாகப் புலப்படும்.

பெரியமேட்டில், சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே அமைந்த நேரு அரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு உரியது. கால்பந்து அணி அங்கே வாடகைதாரர் மட்டுமே. முன்பு கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்ற பெயரில் இருந்த அவ்விடத்தில் 1956 முதல் 1965 வரை டெஸ்ட் கிரிக்கெட்டும் ஆடப்பட்டது. நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட், பங்கஜ் ராய் இருவரும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள் சேர்த்து, அரை நூற்றாண்டுக்கும் மேல் முறியடிக்கப்படாத சாதனையைப் படைத்தது அங்கேதான். பழைய அரங்கின் இடத்தில் எழுந்த இன்றைய கட்டடம், 1993இல் வட கொரியா வென்ற நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டிக்காகக் கட்டப்பட்டு, 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்கும் பயன்பட்டது. ஏறத்தாழ 40,000 பேர் அமரக்கூடிய இரண்டடுக்கு அரங்கம் அது, எனினும் ஐ.எஸ்.எல். ஆட்டங்களில் கீழ் அடுக்கே பெரிதும் பயன்படுகிறது.

கால்பந்து ரசிகரின் பார்வையில் அதன் முதன்மையான குறை, ஆடுகளத்தைச் சுற்றி ஓடும் தடகள ஓடுதளம். 400 மீட்டர் ஓடுதளத்தின் உள்விளிம்பு, சர்வதேச அளவுப்படி, 73 மீட்டர் அகலமும் ஏறத்தாழ 157 மீட்டர் நீளமும் கொண்டது; கால்பந்து ஆடுகளமோ 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் அகலமுள்ள எட்டுத் தடங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், பக்கவாட்டில் அமர்ந்திருப்பவருக்கும் கோட்டுக்கும் இடையே குறைந்தது 12 மீட்டரும், கோல்கம்பத்துக்குப் பின்னால் இருப்பவருக்கும் கோல்கோட்டுக்கும் இடையே சுமார் 36 மீட்டரும் இடைவெளி விழும். உலகெங்கும் கால்பந்துப் பாட்டும் முழக்கமும் பிறக்கும் இடம் கோல்கம்பத்தின் பின்புறமே. நேரு அரங்கின் அமைப்பு அந்த இடத்தையே ஆட்டத்திலிருந்து மிகத் தொலைவில் தள்ளி வைத்திருக்கிறது. ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ ஆகிய ரசிகர் குழுக்கள் இந்தத் தொலைவைத் தங்கள் தொண்டையால் கடந்து வந்திருக்கின்றன. அவற்றுள் முன்னது, தான் கூடும் காலரியின் எழுத்தையே தன் பெயரில் ஏற்றிருக்கிறது.

இதே குறையை இத்தாலியின் டூரின் நகரம் பதினாறு ஆண்டுகள் அனுபவித்தது. 1990ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்ட டெல்லே ஆல்ப்பி அரங்கில் சுமார் 69,000 இருக்கைகள் இருந்தன. ஆனால் நடுவே தடகள ஓடுதளம் இருந்ததால் யுவென்டஸ் ரசிகர்கள் அதை ஒருபோதும் விரும்பவில்லை. நாட்டின் மிகப் பெரிய அணியின் ஆட்டங்கள் பாதி காலியான இருக்கைகளுக்கு முன்னே நடந்தன. இறுதியில் யுவென்டஸ் அந்த இடத்தை நகராட்சியிடமிருந்து நீண்டகால உரிமையில் பெற்று, பழைய அரங்கை இடித்துவிட்டு, ஏறத்தாழ 41,000 இருக்கைகள் மட்டுமே கொண்ட, முதல் வரிசை ஆடுகளத்திலிருந்து ஏழெட்டு மீட்டரில் அமைந்த புதிய அரங்கை 2011 செப்டம்பரில் திறந்தது. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களில் ஏழாம் இடத்தில் முடித்த அணி, புதிய அரங்கின் முதல் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் லீக்கை வென்று, தொடர்ந்து ஒன்பது பட்டங்களைக் குவித்தது. இதை அரங்கின் வேலை என்று மட்டும் சொல்வது தவறாகும். அன்டோனியோ கான்டேயின் பயிற்சியும் ஆன்ட்ரேயா பிர்லோவின் ஆட்டமும் இல்லாமல் அது நடந்திராது. ஆனால் இருக்கைகளைக் குறைத்து நெருக்கத்தைக் கூட்டிய அந்த முடிவு, இந்தியாவில் அரங்கம் கட்டுபவர்கள் படிக்க வேண்டிய பாடம்.

சென்னைக்கு இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு, மிலானுக்கு அருகே உள்ள பெர்காமோ நகரின் அட்டலாண்டா அணி. 2019இல் அவ்வணி முதன்முறையாக ஐரோப்பாவின் உயரிய சாம்பியன்ஸ் லீக் போட்டிக்குத் தகுதி பெற்றபோது, சொந்த அரங்கில் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்ததால், தன் ஆட்டங்களைச் சான் சீரோவில் ஆட நேர்ந்தது. வரலாற்றின் மிகப் பெரிய இரவுகளைக் காண ரசிகர்கள் அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் 2017இலேயே அந்த அரங்கை நகராட்சியிடமிருந்து விலைக்கு வாங்கியிருந்த அணி, அதை ஒரேயடியாக இடிக்காமல், ஒவ்வொரு காலரியாகப் புதுப்பித்து 2024இல் வேலையை முடித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் யூரோப்பா லீக் கோப்பையையும் வென்றது. சான் சீரோவோ வேறு வழியில் செல்கிறது: 1926இல் திறக்கப்பட்டு, 1935 முதல் நகராட்சியிடம் இருந்துவந்த அந்த அரங்கை 2025 நவம்பரில் இரு மிலான் அணிகளும் 197 மில்லியன் யூரோவுக்கு வாங்கின, பக்கத்தில் புதிய அரங்கம் எழுந்தபின் பழையதன் பெரும்பகுதி இடிக்கப்பட இருக்கிறது. மாட்டராட்சியும் நெஸ்டாவும் ஆடிய அந்த மண்ணை இழக்க மனமில்லாத ரசிகர்கள் மிலானில் பலர் உண்டு.

இத்தாலிய வழியை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. நேரு அரங்கின் ஓடுதளம் தமிழ்நாட்டின் தடகள வீரர்களுக்கு உயிர்நாடி. அதை அகற்றிவிட்டுக் கால்பந்துக்கு மட்டும் இடம் கேட்பது, ஏழை விளையாட்டு ஒன்று மற்றோர் ஏழை விளையாட்டின் தட்டில் கைவைப்பதாகும். அரசின் சொத்தைத் தனியார் அணிக்கு விற்பதும் இங்கே ஏற்புடையதன்று. செய்யக்கூடியது, நகரத்தின் உள்ளேயே 15,000 முதல் 20,000 பேர் அமரும், ஓடுதளம் இல்லாத, கால்பந்துக்கே உரிய ஓர் அரங்கை அரசு கட்டி, ஐ.எஸ்.எல். அணிக்கு நீண்டகாலக் குத்தகையில் கொடுப்பதும், மற்ற நாட்களில் அதை உள்ளூர் லீக்குக்கும் வியாசர்பாடிச் சிறுவர்களுக்கும் திறந்து வைப்பதும் ஆகும். சொந்த ஊரில் கோப்பை தூக்கும் நாள் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு: 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு அரங்கில் சென்னை சிட்டி எஃப்.சி. என்னும் வேறோர் அணி, மினர்வா பஞ்சாபை மூன்றுக்கு ஒன்று என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி, நாட்டளவிலான மற்றொரு லீக் போட்டியான ஐ-லீக்கின் பட்டத்தைத் தன் ரசிகர்களின் முன்னிலையில் பெற்றது. அந்த அணி 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீக்கில் இல்லாமல் போனது. நிலையான இடமும் நிலையான வருவாயும் இல்லாத அணிக்குப் பட்டமும் காவல் ஆகாது.

புதிய அரங்கம் எங்கே அமைய வேண்டும் என்பதை நகரவாசிகளை மட்டும் எண்ணி முடிவு செய்தால் ஒரு பெரும் பகுதியினர் விடுபட்டுப் போவார்கள். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்ளலாம். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் அங்கே, ஜமுனாமரத்தூரில் இருக்கும் ஓர் இளைஞர் சென்னை அணியின் ஆட்டத்தை நேரில் காண விரும்பினால், பேருந்தில் மலையிறங்கித் திருப்பத்தூர் வழியாக ஜோலார்பேட்டைக்குச் சென்று ரயிலேற வேண்டும். அந்த ரயில் வந்து நிற்கும் சென்ட்ரலிலிருந்து நேரு அரங்கம் நடந்து செல்லும் தொலைவு. நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் நிலம் மலிவு என்று அரங்கத்தைக் கொண்டுபோய் வைத்தால், கார் வைத்திருப்பவர்களுக்கு அது வசதியாகலாம். மலையிலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் பயணம் இரண்டு நாளாகிவிடும். ஆட்ட நேரமும் இதோடு சேர்ந்ததே: இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்பதரைக்கு முடியும்போது மலைக்குத் திரும்பும் பேருந்துகள் ஓய்ந்திருக்கும். ஐ.எஸ்.எல். சில பருவங்களில் மாலை ஐந்து மணி ஆட்டங்களையும் நடத்தியிருக்கிறது. வார இறுதியில் சென்னையில் நடக்கும் ஆட்டங்களுக்கு அந்த நேரத்தையே ஒதுக்கினால், ஏழு மணிக்கு வெளியே வரும் வெளிமாவட்ட ரசிகர் அன்றிரவே ஜோலார்பேட்டை வரையாவது போய்ச் சேர முடியும்.