வீட்டுத் தையல் – 9: ஜிப்புக்கு முதல் வேலை கொடுத்த பை

தமிழ்நாட்டு வீடுகளில் பீரோவின் அடித்தட்டைத் துழாவினால் ரவிக்கைத் துணி கிடைக்காமல் போகாது. கொலு, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை. நிறம் எந்தப் புடவைக்கும் சேராது. அடுத்த கொலுவில் இன்னொருவருக்கு வைத்துக் கொடுக்கலாம் என்று காத்திருக்கும். 80 சென்டிமீட்டர் பிட் ஒன்று இருந்தால், உள் லைனிங்கையும் சேர்த்துக் கையடக்க ஜிப் பை மூன்று தைத்துவிடலாம்.

தலையணை உறை வரை தயங்காமல் தைப்பவர்கள்கூட ஜிப் என்றதும் டெய்லர் கடைக்கு நடக்கிறார்கள். இத்தனைக்கும் ஜிப்பும் சின்னப் பையும் பழைய கூட்டாளிகள்.

1893இல் சிகாகோவைச் சேர்ந்த விட்கம் ஜட்சன் பெற்ற காப்புரிமை, ஷூவை மூடுவதற்கான கொக்கிச் சங்கிலிக்கு. அது நினைத்த நேரத்தில் பிய்த்துக்கொண்டது. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் கிடியன் சுண்ட்பேக், 1913இல் கொக்கியையே தூக்கி எறிந்தார். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழி. ஒன்றின் மேடு அடுத்ததன் குழியில் உட்காரும். அங்குலத்துக்கு நான்காக இருந்த பற்கள் பத்தாகப் பெருகின. இதை ஆடை உலகம் உடனே ஏற்கவில்லை. ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் வாங்கியவர்கள் புகையிலைப் பை செய்தவர்களும், பூட்ஸ் செய்தவர்களும்தான். ‘ஜிப்பர்’ என்ற பெயரே 1923இல் குட்ரிச் நிறுவனம் தன் ரப்பர் பூட்ஸுக்கு வைத்தது. ஆண்களின் கால்சட்டைக்கு ஜிப் வந்து நிலைத்தது 1930களில். அந்த வகையில் பேண்டுக்குப் பை மூத்தது.

இன்று தையல் சாமான் கடையில் நைலான் ஜிப்பை மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள், ரன்னர் தனி. நம்பர் 3, நம்பர் 5 என்று கேட்பது, மூடிய நிலையில் பல்வரிசையின் அகலத்தை ஏறக்குறைய மில்லிமீட்டரில் சொல்வது. சின்னப் பைக்கு 3 போதும். நைலான் ஜிப்பில் தனித்தனிப் பல் கிடையாது, சுருண்டு ஓடும் ஒரே இழைதான். அதனால் கத்தரிக்கோலால் வேண்டிய நீளத்துக்கு வெட்டலாம், அதன் மேல் தையலும் ஓட்டலாம். உலோக ஜிப்பில் அப்படிச் செய்தால் ஊசி முறியும். ரன்னரை ஏற்ற, இரண்டு நாடாக்களின் நுனியையும் சமமாகப் பிடித்து அதன் இரண்டு வாயிலும் நுழைக்க வேண்டும். இதற்குத் தையல் அறிவைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

வெளித்துணி இரண்டு, லைனிங் இரண்டு. எல்லாம் 9 அங்குலத்துக்கு 7. பருத்தியானால் முன்பே ஒருமுறை நனைத்துக் காயவைப்பது நல்லது. பட்டு பிட் என்றால் பின்னால் ஒட்டுகேன்வாஸ் கொடுக்காவிட்டால் பை தொய்ந்துவிடும்.

கடைப் பையா, கைப்பழக்கமில்லாதவர் தைத்த பையா என்பதை ஜிப்பின் இரண்டு நுனிகள் காட்டிக்கொடுக்கும். ஜிப்பைப் பையின் முழு நீளத்துக்கும் விட்டால், பக்கத் தையலில் பல்வரிசையும் சிக்கி, மூலை திரும்பாமல் உப்பிக்கொண்டு நிற்கும். துணியைவிட ஒன்றரை அங்குலம் குறைவாக ஜிப்பை வெட்டி, இரு நுனியிலும் சின்னத் துணித்துண்டை மடித்துத் தைத்துத் துணியின் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். பக்கத் தையல் இந்தத் துணியின் மேல் மட்டும் ஓடும். ரன்னர் கழன்று விழுவதற்கும் இதுவே தடை. ஐந்து நிமிட வேலை. பெரும்பாலோர் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

அடுத்து அடுக்கு. வெளித்துணியின் நல்ல பக்கம் மேலே. அதன் மீது ஜிப் முகம் கீழாக. அதன் மீது லைனிங், நல்ல பக்கம் கீழாக. மூன்று விளிம்பும் ஒன்றாக இருக்க, மெஷினில் ஜிப் ஃபுட் மாட்டி, 14ஆம் நம்பர் ஊசியால் ஓட்டலாம். ரன்னர் குறுக்கே வந்தால் ஊசியைத் துணியில் இறக்கிவைத்து, ஃபுட்டைத் தூக்கி, ரன்னரைப் பின்னால் தள்ளிவிட்டுத் தொடர வேண்டும். பிறகு துணிகளை விரித்து, ஜிப்பை ஒட்டி மேல்தையல். இது அழகுக்கு மட்டுமல்ல. இல்லாவிட்டால் லைனிங் ரன்னரில் மாட்டும். மறுபக்கமும் இப்படியே. அயர்ன் போடும்போது சூடு மிஞ்சினால் நைலான் உருகிவிடும்.

பக்கங்களைத் தைக்குமுன் ஜிப்பைப் பாதி திறந்துவைக்க வேண்டும். மறந்தால், தைத்து முடித்த பையைத் திருப்ப வழியிருக்காது. வெளித்துணி வெளித்துணியோடு, லைனிங் லைனிங்கோடு சேர, சுற்றிலும் தையல். லைனிங் அடியில் மட்டும் மூன்று அங்குலம் திறப்பு. அடிமூலைகளைக் கிள்ளி முக்கோணமாக்கி, நுனியிலிருந்து ஓரங்குலத்தில் குறுக்கே தைத்தால் இரண்டங்குல அகலத்தில் அடிப்பகுதி கிடைத்து, பை நிற்கும். திறப்பு வழியே மொத்தத்தையும் வெளியே இழுத்து, அதைக் கையால் மூடிவிடலாம்.

நாளடைவில் ரன்னர் கடந்த பிறகும் பல் வாய் பிளந்தால், பழுது பெரும்பாலும் பல்லில் இல்லை, தேய்ந்து அகன்றுபோன ரன்னரில்தான். குறடால் அதன் இரு ஓரத்தையும் லேசாக அழுத்தினால் மறுபடி பிடிக்கும். அழுத்தம் கூடினால் ரன்னர் உடையும். அப்போதும் பையைத் தூக்கி எறிய வேண்டாம், ஒரு நுனித் தையலைப் பிரித்துப் புது ரன்னர் ஏற்றினால் போதும்.

(தொடரும்)