எண்ணெய் நிறுவனம் தந்த வாக்குறுதி

காலையில் ரொட்டியில் பூசும் மார்ஜரின், மதியம் சாப்பிடும் பொரித்த கோழி, மாலையில் குளிக்கும் சவர்க்காரம். இம்மூன்றிலும் செம்பனை எண்ணெய் கலந்திருக்கலாம். அந்த எண்ணெயைச் சமையல் எண்ணெயாகவும், சவர்க்காரம், அழகுப்பொருள்களுக்கான வேதிப்பொருள்களாகவும் மாற்றித் தரும் பெரிய நிறுவனங்களில் ஒன்று, சிங்கப்பூரில் தலைமையகம் கொண்டுள்ள வில்மார். 1991ல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது.

2013 ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரின் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது. இரண்டே நாளில் ஜோகூரின் மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சுமத்ராவில் பற்றிய தீயின் புகை அது. சதுப்பு நிலத்தை வடிகாலிட்டு உலர்த்தினால், மட்கிய தாவரங்கள் நிறைந்த அந்த மண்ணே எரிபொருளாகிவிடுகிறது. தீ நிலத்தடியிலும் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

அதே ஆண்டு டிசம்பரில் வில்மார் ஒரு கொள்கையை அறிவித்தது. காடுகளை அழிப்பதில்லை, அத்தகைய சதுப்பு நிலங்களில் புதிதாகப் பயிரிடுவதில்லை, மக்களைச் சுரண்டுவதில்லை என்பவை அதன் மூன்று உறுதிமொழிகள். தனது தோட்டங்களுக்கு மட்டுமன்றி, தனக்கு எண்ணெய் விற்பவர்களுக்கும் இவை பொருந்தும் என்றது. வில்மார் கையாளும் எண்ணெயில் பெரும்பகுதி பிறரிடம் வாங்கப்படுவதால், இதுவே முக்கியமான அம்சம். சுற்றுச்சூழல் அமைப்புகளின் பிரசாரமும் வாடிக்கையாளர்களின் நெருக்குதலும் இம்முடிவுக்குப் பின்னால் இருந்தன.

வாக்குறுதி மட்டும் போதுமா?

2016 நவம்பரில் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் வெளியிட்ட அறிக்கை வேறொரு பக்கத்தைக் காட்டியது. இந்தோனீசியாவில் வில்மாரின் துணை நிறுவனங்கள், விநியோகிப்பாளர்களின் தோட்டங்களில் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகள் ஆபத்தான வேலைகளைச் செய்ததாக அது கூறியது. அன்றைய இலக்கை எட்டாவிட்டால் பெற்றோரின் சம்பளம் குறையும். அதனால்தான் பிள்ளைகளும் தோட்டத்தில் இறங்கினார்கள். சிறார் வேலைக்குத் தடை என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது, சம்பளம் கணக்கிடும் முறையும் மாறவேண்டும் என்பதே இதில் உள்ள பாடம். தோட்டப்புற வாழ்க்கையைப் பார்த்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

சிங்கப்பூர், மலேசியப் பங்குச் சந்தைகளில் உள்ள நிறுவனங்கள் இப்போது நீடித்த நிலைத்தன்மை பற்றி ஆண்டுதோறும் தகவல் வெளியிடுகின்றன. பள்ளித் திட்டப்பணிக்கோ வேலை நேர்காணலுக்கோ அவற்றைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

விநியோகிப்பாளர்களும் கணக்கில் வருகிறார்களா? எண்களை வெளியார் யாரேனும் சரிபார்த்தார்களா? தவறிய இலக்குகளும் சென்ற ஆண்டின் எண்களும் அதில் உண்டா?

மரம் நடும் படங்களை எல்லா நிறுவனங்களாலும் அச்சிட முடியும். இந்த மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் தரும் அறிக்கையே நம் நேரத்துக்கு உரியது.