பொன்னுக்கு வீங்கியும் பொற்சங்கிலியும்

குழந்தைகளைப் பீடிக்கும் வியாதிகளுள் பெற்றோர் அஞ்சி நடுங்குவனவும் உண்டு. அலட்சியம் செய்வனவும் உண்டு. பொன்னுக்கு வீங்கி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. "ஒரு வாரத்தில் தானே வடிந்துவிடும்" என்பது பாட்டிமார் வாக்கு. அவ்வாக்குப் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும் அந்த ஒரு வாரத்துக்குள் நம் குழந்தை இன்னும் எத்தனை குழந்தைகளுக்கு நோயைக் கொடுத்துவிடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தார் இதனை எண்ணிப் பார்க்கத் தனிக் காரணம் ஒன்று உண்டு.

திருப்பதியில் வேலை பார்ப்பவன் வீடு உறவினர்க்கெல்லாம் சத்திரம் அன்றோ! மதுரையிலிருந்து மாமா வருவார். திருச்சியிலிருந்து சித்தி வருவாள். கூடவே நாலைந்து குழந்தைகள் வரும். எல்லாரும் ஒரே கூடத்தில் படுத்து, ஒரே தம்ளரில் நீர் பருகி, மறுநாள் மலையேறித் தரிசன வரிசையில் நெருங்கி நிற்பார்கள். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்குத் தாவும் நோய்க்கு இதைவிட வசதியான இடம் வேறு வேண்டுமா?

முதலில் இந்நோய் இன்னதென்று அறிந்துகொள்வோம். காதுக்குக் கீழே, தாடையின் மூலையில், கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமி இவற்றைத் தாக்கி வீங்கச் செய்கிறது. முதலில் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, பசியின்மை தோன்றும். பின்னர் ஒரு கன்னமோ, இரண்டுமோ உப்பும். மெல்லும்போது வலிக்கும், புளிப்பான பண்டம் வாயில் பட்டால் வலி மிகும். சில குழந்தைகளுக்கு வீக்கமே தெரியாமல், சாதாரணச் சளிக்காய்ச்சல்போல் வந்து போவதும் உண்டு.

இதனைப் பழங்காலத்தவரும் அறிந்திருந்தனர். ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டிஸின் நூலில், தாசோஸ் என்னும் தீவில் காதோரம் வீங்கிய நோயாளிகளைப் பற்றிய குறிப்பு உள்ளது. எனினும் இது வைரஸால் வருவது என்று 1934-ஆம் ஆண்டில்தான் அமெரிக்க விஞ்ஞானிகளான ஜான்சனும் குட்பாஸ்டரும் நிரூபித்தனர்.

நோயாளி இருமும்போதும், தும்மும்போதும், பேசும்போதும் சிதறும் எச்சில் துளிகளால் இது பரவுகிறது. எச்சில் தம்ளர், பாதி கடித்த மிட்டாய் ஆகியவற்றாலும் பரவும். கிருமி உடலில் புகுந்தபின் பெரும்பாலும் 16 முதல் 18 நாட்கள் கழித்தே நோய் வெளிப்படும். சிலருக்கு 12 நாட்களிலும், சிலருக்கு 25 நாட்களிலும் வெளிப்படலாம். ஆகவே, நம் வீட்டில் தங்கிச் சென்ற மதுரைக் குழந்தைக்கு மூன்று வாரம் கழித்துக் கன்னம் வீங்கினால், அது திருப்பதியில் பெற்றுச் சென்ற நோய் என்று எவர்க்கும் தோன்றுவதில்லை. மேலும், வீக்கம் தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பிருந்தே குழந்தை நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. வீக்கம் கண்டபின் ஐந்து நாட்கள் வரை அது நீடிக்கும். முந்திய நாட்கள் நம் கையில் இல்லை; பிந்திய ஐந்து நாட்கள் நம் கையில் உள்ளன. அந்த ஐந்து நாட்களும் பள்ளி வேண்டாம், கல்யாணம் வேண்டாம், ரயில் பிரயாணமும் வேண்டாம். காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் வண்டிகளில், வீங்கிய முகத்தைத் துண்டால் சுற்றி மறைத்துக் குழந்தையை அழைத்துச் செல்வோரை நாம் கண்டதுண்டு. டிக்கெட்டை ரத்து செய்தால் நஷ்டம் சில ரூபாய்தான். துண்டு முகத்தை மறைக்குமேயன்றி நோயைத் தடுக்காது.

இனிப் பொற்சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரிலேயே பொன் இருப்பதாலோ என்னவோ, குழந்தையின் கழுத்தில் பொன் அணிவித்தால் வீக்கம் வடியும் என்னும் நம்பிக்கை நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. பொன் பூண்ட குழந்தைக்கும் பூணாத குழந்தைக்கும் வீக்கம் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் வடிகிறது. சங்கிலி இல்லாத தாய் அதற்காக மனம் நோகவோ, கடன் வாங்கவோ வேண்டுவதில்லை. இரவல் சங்கிலி கேட்டுக் குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்வதுதான் தீங்கு. சங்கிலி கிடைக்கிறதோ இல்லையோ, சென்ற வீடெல்லாம் நோய் கிடைத்துவிடும்.

இந்நோயை விரைவில் தீர்க்கும் தனி மருந்து கிடையாது. கிருமிக்கொல்லி மாத்திரைகள் வைரஸை ஒன்றும் செய்யமாட்டா. ஓய்வு, நிறைய நீராகாரம், குழைந்த சோறு, கஞ்சி, வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளித்தல் ஆகியவை போதும். காய்ச்சலுக்கும் வலிக்கும் மருத்துவர் கூறும் அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. எலுமிச்சைச் சாறும் புளிக்குழம்பும் சில நாட்கள் விலகியிருக்கட்டும்.

கழுத்து வீக்கம் எல்லாம் பொன்னுக்கு வீங்கி ஆகிவிடாது. சொத்தைப் பல்லாலும் வீங்கும். உயிருக்கே உலை வைக்கும் தொண்டை அடைப்பான் நோயிலும் கழுத்து வீங்கும். ஆகையால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டித் தெளிதல் அவசியம். கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, வலிப்பு, மயக்கம், கடும் வயிற்றுவலி, காது கேளாமை இவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு விரைக. மூளையுறையையும் கணையத்தையும் இந்நோய் தாக்குவதுண்டு. அரிதாக ஒரு காது நிரந்தரமாகச் செவிடாகிவிடும். மற்றொரு காதால் கேட்பதால் குழந்தையும் சொல்லாது, பெற்றோரும் அறியார். வயது வந்த ஆண்களுக்கு இந்நோய் கண்டால் விரை வீக்கம் உண்டாகலாம். அதனால் முழு மலட்டுத்தன்மை ஏற்படுவது அரிது எனினும், வெட்கம் பாராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சொல்வதிலும் ஒரு சங்கடம் உண்டு. சித்தூர் அரசு ஆஸ்பத்திரியிலோ, திருப்பதி ரூயா ஆஸ்பத்திரியிலோ "பொன்னுக்கு வீங்கி" என்றால் எல்லார்க்கும் விளங்காது. தெலுங்கில் இதற்குக் 'கவதபிள்ளலு' என்று பெயர். தடுப்பூசிக்கு 'டீகா' என்று பெயர். இவ்விரு சொற்களையும் நம் தாய்மார்கள் மனத்தில் இருத்திக் கொள்வார்களாக.

தடுப்பூசி என்றதும் ஒரு தந்தையின் நினைவு வருகிறது. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி மாரிஸ் ஹில்மன், தம் ஐந்து வயது மகள் ஜெரில் லின்னுக்கு இந்நோய் கண்டபோது, அவள் தொண்டையிலிருந்து கிருமியைத் துடைத்தெடுத்துத் தம் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்றார். அதனை வலுவிழக்கச் செய்து அவர் ஆக்கிய தடுப்பூசி 1967-இல் அங்கீகாரம் பெற்றது. உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகள் அச்சிறுமியின் பெயரைத் தாங்கிய கிருமிவகையால் காக்கப்பட்டு வருகின்றனர்.

நம் பெற்றோர் பலர் கவனியாத செய்தி இதுதான். நம் நாட்டு அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாக இடப்படும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் உரியது. பொன்னுக்கு வீங்கிக்கு உரியதன்று. மூன்றுக்கும் சேர்த்துக் காப்பளிப்பது எம்.எம்.ஆர். ஊசி. இலங்கையில் 2011-ஆம் ஆண்டு முதல் அரசே இதனை இடுகிறது. இங்கோ பெரும்பாலும் தனியார் மருத்துவரிடம் பணம் கொடுத்தே பெற வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 9-ஆம் மாதம், 15-ஆம் மாதம், 4 முதல் 6 வயதுக்குள் என மூன்று தவணைகளைப் பரிந்துரைக்கிறது. 2024-ஆம் ஆண்டில் கேரளத்தில் இந்நோய் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பீடித்தது. அது நமக்கும் ஓர் எச்சரிக்கை.

"எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்று சொல்லுமுன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் எம்.ஆர். என்றிருக்கிறதா, எம்.எம்.ஆர். என்றிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். வசதியுள்ளோர் தம் குழந்தைக்கு இடுவதோடு, வசதியற்ற அண்டை வீட்டுக் குழந்தைக்கும் உதவலாம். குழந்தைக்கு வீக்கம் கண்டுவிட்டால், வருவதாக இருக்கும் உறவினர்க்கு அன்றே செய்தி அனுப்பிவிடுங்கள். ஏழுமலையான் தரிசனம் இரண்டு வாரம் கழித்தும் கிடைக்கும்.