தினம் 80 முறை ஏறுகிறார்... கோப்பைதான் இல்லை!

காலை நாலரை மணி. சாயல்குடிப் பக்கம் ஊரே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. டீக்கடை பாய்லரில்கூட இன்னும் தீ வைக்கவில்லை. ஆனால் தேரிக்காட்டில் ஒருவர் இடுப்பில் அரிவாள்பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு பனையை அண்ணாந்து பார்க்கிறார். அடுத்த நிமிஷம் ஆள் தரையில் இல்லை!

தை பிறந்துவிட்டால் ராமநாதபுரம் சீமையில் தினமும் நடக்கிற காட்சி இது. உச்சிப்புளி, மண்டபம் என்று ராமேஸ்வரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்கள், இரண்டு பக்கமும் வரிசைகட்டி நிற்கும் பனைகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஆள் இருந்ததைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். நாம் கண் விழிப்பதற்குள் அவர் பாதி வேலையை முடித்திருப்பார்.

அது இருக்கட்டும். மரம் ஏறுவதற்கு உலகப் போட்டி நடக்கிறது, தெரியுமா? சிரிக்காதீர்கள், நிஜம்! மரங்களைப் பராமரிப்பதே தொழிலாக உள்ளவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். 'மர வைத்தியர்' என்று வைத்துக்கொள்ளுங்களேன். இவர்களுடைய சர்வதேசச் சங்கம் 1976-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் முதல் போட்டியை நடத்தியது. பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. கயிற்றில் தொங்கியபடி கிளைக்குக் கிளை தாவி, அங்கங்கே கட்டியிருக்கும் மணியை அடிக்க வேண்டும். உயரத்தில் இருக்கும் கிளைக்குக் குறி பார்த்துக் கயிறு வீச வேண்டும். வேகமாக ஏறிக் காட்ட வேண்டும். இதற்காக மாதக்கணக்கில் பயிற்சி, உடற்பயிற்சி, ஹெல்மெட், பெல்ட், பூட்ஸ்...

நம்ம ஆளுக்கும் பயிற்சி உண்டு. கோச்தான் கிடையாது!

சீசனுக்கு முன்னால்...

பனையேறியின் தயாரிப்பு மார்கழியிலேயே ஆரம்பித்துவிடும். முதலில் மரங்களைச் சுத்தம் செய்ய வேண்டும். காய்ந்த மட்டைகளைக் கழிக்காவிட்டால் உச்சிக்குள் நுழையவே முடியாது. மட்டையின் இரு ஓரமும் ரம்பம் மாதிரி கருக்கு. லேசாக உரசினால் போதும், சட்டையோடு தோலும் சேர்ந்து வரும்.

அடுத்தது ஆயுதங்கள். பாளை சீவுகிற அரிவாள் சவரக்கத்தி மாதிரி இருக்க வேண்டும். பாளையை நசுக்கிப் பதப்படுத்த மரத்தால் செய்த கடிப்பு. ஆண் பனையான அலகுப் பனையின் பாளைக்கு ஒரு பக்குவம், பெண் பனையான பருவப் பனையின் பாளைக்கு வேறு பக்குவம். பதநீர் வடியக் கலயங்கள். கலயத்தின் உள்ளே பூசச் சுண்ணாம்பு. இந்தச் சுண்ணாம்பில்தான் சட்டமே அடங்கியிருக்கிறது! பூசினால் பதநீர், பூசாமல் விட்டால் புளித்துக் கள். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை.

காலுக்குத் தளைநார். இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டிக்கொண்டால் மரத்தைப் பாதத்தால் கவ்வலாம். அடிமரம் பருத்திருக்கும், கைக்குள் அடங்காது. அதனால் முருக்குத்தடியைச் சாய்த்து வைத்து, முதல் சில அடிகளை அதில் கால் வைத்துக் கடக்க வேண்டும். அப்புறம் மரமும் மார்பும்தான். உரசி உரசி நெஞ்சுத் தோல் காய்த்துப் போயிருக்கும். சிலர் தோல்பட்டை கட்டிக்கொள்கிறார்கள். இதுதான் அவருடைய 'சேஃப்டி' சாதனங்களின் முழுப் பட்டியல். வடக்கயிறு கிடையாது, ஹெல்மெட் கிடையாது, கீழே வலை கிடையாது.

கணக்குப் போடலாமா?

ஒரு பேப்பர், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பனையேறி ஒருவர் சீசனில் 40 மரம் பார்க்கிறார் என்று வையுங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏற வேண்டும். ஆக, 80 ஏற்றம். மரம் சராசரியாக 40 அடி என்றாலும் ஒரு நாளைக்கு 3,200 அடி. அதாவது, கடல் மட்டத்திலிருந்து புறப்பட்டால் இரண்டேகால் நாளில் கொடைக்கானல்! நூறு நாளில் 3,20,000 அடி. எவரெஸ்ட் 29,032 அடிதானே? பதினோரு எவரெஸ்ட் ஆயிற்று. எவரெஸ்ட் ஏறினவருக்கு விமான நிலையத்தில் மாலை போடுகிறோம். இவருக்கு?

"சரிங்க, ஒருநாள் லீவு போட்டா என்ன?" என்று கேட்கத் தோன்றும். முடியாது. பாளையின் நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். விட்டால் வெட்டுவாய் காய்ந்துவிடும், வடிவது நின்றுவிடும். கல்யாணமோ காய்ச்சலோ, பாளை காத்திருக்காது. கீழே வீட்டுக்காரம்மாவும் அடுப்பைப் பற்றவைத்துக் காத்திருப்பார். அன்றைய பதநீரை அன்றைக்கே காய்ச்சினால்தான் கருப்பட்டி. அனல், புகை, மணிக்கணக்காகக் கிண்டல்... அது தரையிலேயே நடக்கிற இன்னொரு பனையேற்றம்.

வேகம் பெரிசா, பத்திரம் பெரிசா?

மரம் ஏறுவதில் வேகத்துக்கென்று பேர் வாங்கியவர் ஃபிஜித் தீவின் ஃபுவாட்டாய் சோலோ. 1980-ல் சுவா நகரத்துப் பூங்காவில் 9 மீட்டர் தென்னையை வெறுங்காலோடு 4.88 விநாடியில் ஏறி கின்னஸில் இடம் பிடித்தார். ஜெயித்த சந்தோஷத்தில் பரிசுப் பணத்தை வாயில் கவ்விக்கொண்டு இன்னொரு தடவை ஏறினாராம்!

நம்ம பனையேறிகளிடம் இந்தக் கதையைச் சொன்னால் ரசிப்பார்கள். ஆனால் அவர்கள் கணக்கு வேறு. "ஏறுறது பெரிசில்லண்ணே, நாப்பதாவது மரத்துல இருந்தும் பத்திரமா எறங்கணும்" என்பதுதான் அவர்கள் பாடம். பனிக்காலத்து அதிகாலையில் மரம் ஈரமாக இருக்கும். காற்றடித்தால் உச்சி ஆடும். உச்சிக்குள் உட்கார்ந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சீவ வேண்டும். ஒரு கவனப் பிசகு போதும். விழுந்தவர்களில் முதுகெலும்பு முறிந்து படுக்கையோடு போனவர்கள் உண்டு. போயே போனவர்களும் உண்டு. பனையேறி வீட்டுப் பையன்கள் ஏறத் தயங்குவதற்கும், பெண் கொடுக்கிறவர்கள் யோசிப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் 5 கோடிப் பனை இருப்பதாகச் சொல்வது வழக்கம். ஏற ஆளில்லாவிட்டால் 5 கோடி இருந்தென்ன?

"மெஷின் இருக்கே சார்!" என்பீர்கள். இருக்கிறது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரி எம்.ஜே. ஜோசப் உருவாக்கிய தென்னை ஏறும் கருவி பிரபலம். ஒவ்வொரு காலுக்கும் ஒரு சட்டம். மாற்றி மாற்றி நகர்த்திக்கொண்டே ஏறலாம். தென்னைக்கு அருமை. பனையில் சிக்கல் என்னவென்றால், கருவி கழுத்து வரைதான் கொண்டுபோய் விடும். அப்புறம் கருக்கு மட்டைகளுக்கு நடுவே புகுந்து, உச்சியில் உட்காருவது உடம்பின் வேலை. ஆட்டோக்காரர் வாசல் வரைதானே வருவார்? வீட்டுக்குள் நாம்தானே நடக்க வேண்டும்!

காப்பாற்றினால்தான் மார்க்

இப்போது அந்த உலகப் போட்டிக்கு வருவோம். அதில் எனக்கு மிகவும் பிடித்த பந்தயம் வேகப் பந்தயம் இல்லை. மீட்புப் பந்தயம்! மரத்தின் மேலே மனித எடையில் ஒரு பொம்மையை மாட்டிவைத்துவிடுவார்கள். 'கூட வேலை செய்கிறவர் அடிபட்டு மயங்கிவிட்டார்' என்று பாவனை. ஐந்து நிமிஷத்துக்குள் ஏறி, அவரைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு ஆளை மரத்தில் மோதவிட்டால் மார்க் போச்சு. வேகமாக ஏறும் பந்தயத்தில்கூட இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இல்லாமல் காலை எடுத்து வைக்க முடியாது. அந்தப் போட்டியின் உயிரே பாதுகாப்புதான். கோப்பை சும்மா ஒரு சாக்கு!

நம்மிடமும் மரம் ஏறும் போட்டி இல்லாமலில்லை. கோகுலாஷ்டமிக்கு ஊருக்கு ஊர் வழுக்கு மரம் நடுகிறோம். எண்ணெய் தடவி, மேலே நின்று தண்ணீர் பீய்ச்சி, இளவட்டங்களை ஏறச் சொல்கிறோம். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிச் சறுக்கி விழுந்தாலும் பயமில்லை. கீழே தாங்கிப் பிடிக்க நூறு கைகள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு மரம் ஏறுவதற்கு அத்தனை கைகள். தினம் எண்பது முறை ஏறுகிறவருக்குக் கீழே ஒருவரும் இல்லை.

2021-ல் தமிழக அரசு தன் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்றது. கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் சொன்னது. நல்ல காரியம். ஆனால் இன்றைக்கு நட்ட விதை பாளை விடப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். அன்றைக்கு ஏறுவதற்கு ஆள் வேண்டுமே?

ஒரு சின்ன யோசனை. சீசன் முடிந்ததும் ஆடி மாசத்தில், சாயல்குடியிலோ கடலாடியிலோ ஒரு பனையேறும் போட்டி வைக்கலாம். வேகத்துக்கு ஒரு பரிசு, பாளை சீவும் நேர்த்திக்கு ஒரு பரிசு. முதல் பரிசு மட்டும் மீட்புப் பந்தயத்துக்கு! பெல்ட் மாட்டுவது எப்படி, உச்சியில் மாட்டிக்கொண்டவரைக் கயிற்றில் இறக்குவது எப்படி என்று தீயணைப்புத் துறைக்காரர்கள் வந்து சொல்லிக் கொடுக்கட்டும். விளையாட்டு என்றால் பையன்கள் தானாக வந்து நிற்பார்கள். ஊருக்கு நாலு பேர் கற்றுக்கொண்டாலும், அடுத்த தையில் யாரோ ஒரு வீட்டு அடுப்பு அணையாமல் எரியும்.

நான் கைதட்ட வருகிறேன். ஏறச் சொல்லாதீர்கள்... முருக்குத்தடியின் முதல் படியிலேயே என் போட்டி முடிந்துவிட்டது!