பிரதமரைத் தோற்கடித்த தொகுதி

உத்தரப்பிரதேசத்தில் உள்ள ரேபரேலி தொகுதியில் ஒரே இரண்டு பேர் இரண்டு முறை மோதினார்கள். முதல் முறை ஒருவர் ஜெயித்தார். ஆறு ஆண்டு கழித்து மற்றவர் ஜெயித்தார். ஜெயித்தவர் சாதாரண ஆளைத் தோற்கடிக்கவில்லை. நாட்டின் பிரதமரையே தோற்கடித்தார்!

அந்தப் பிரதமர், இந்திரா காந்தி. எதிர்த்தவர் ராஜ் நாராயண். மல்யுத்த வீரர் போன்ற உடல், தலையில் பச்சைத் துணி. சோஷலிஸ்டு தலைவர்.

1971 தேர்தலில் இந்திரா காந்திக்கு 1,83,309 ஓட்டு. ராஜ் நாராயணுக்கு 71,499 ஓட்டு. "வறுமையை விரட்டுவோம்" என்று சொல்லி நாடு முழுவதும் 352 இடங்களைப் பிடித்தது இந்திராவின் காங்கிரஸ்.

இப்படித் தோற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். ராஜ் நாராயண் கோர்ட்டுக்குப் போனார்.

மேடை போட்டது யார்?

1975 ஜூன் 12-ந் தேதி அலகாபாத் ஐகோர்ட்டு தீர்ப்பு சொன்னது. இந்திரா காந்தி ஜெயித்தது செல்லாது! தேர்தல் கூட்டத்துக்கு மேடை போட அரசாங்க அதிகாரிகள் உதவினார்கள். அரசு ஊழியர் ஒருவர் தேர்தல் வேலை செய்தார். இதுதான் குற்றம். இது சின்ன விஷயம் என்று சொன்னவர்களும் உண்டு.

ஜூன் 25-ந் தேதி இரவு அவசர நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ராஜ் நாராயணும் போனார். பத்திரிகைகளுக்குத் தணிக்கை.

ஆனால், கிராமத்து ஜனங்களைச் சுட்டது வேறு. கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு! பள்ளிக்கூட வாத்தியாருக்கும், "இத்தனை பேரை அழைத்து வா" என்று உத்தரவு. அழைத்து வராவிட்டால் சம்பளம் நின்றது. 1976-77 ஆண்டில் மட்டும் 80 லட்சம் பேருக்கு மேல் ஆபரேஷன் நடந்தது. ஆள் பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து, ராத்திரியில் வயல்காட்டில் போய்ப் படுத்தவர்கள் உண்டு. வட மாநிலங்களில்தான் இந்தக் கொடுமை அதிகம்.

உழவனுக்கு முத்திரை

1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சிகள் ஜனதா என்ற பெயரில் ஒன்று சேர்ந்தன. புதுச் சின்னத்துக்கு நேரம் இல்லை. லோக் தளத்தின் சின்னத்தையே பல மாநிலங்களில் எடுத்துக்கொண்டார்கள். சக்கரத்துக்குள் ஏர் சுமந்த உழவன்! காங்கிரசின் சின்னம், பசுவும் கன்றும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து முத்திரை குத்தினார்.

ரேபரேலியில் ராஜ் நாராயணுக்கு 1,77,719 ஓட்டு. இந்திரா காந்திக்கு 1,22,517 ஓட்டு. 55,202 ஓட்டு வித்தியாசம்!

உத்தரப்பிரதேசத்தின் 85 இடங்களில் காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. பீகாரின் 54 இடங்களிலும் இதே கதி. தெற்கிலோ நிலைமை வேறு. தமிழ்நாட்டில் அ.தி.மு.க.-காங்கிரஸ் அணி 39-ல் 34 இடங்களைப் பிடித்தது. ஆந்திராவில் ஜனதாவுக்குக் கிடைத்தது ஒரே இடம். அங்கே ஜெயித்தவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. சில மாதங்களில் அவர் ஜனாதிபதி ஆனார்!

காங்கிரஸ் 154 இடங்களுக்குச் சுருங்கியது. மொரார்ஜி தேசாய் பிரதமர். ராஜ் நாராயண் சுகாதார மந்திரி.

பிறகு ஜனதா தலைவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் ராஜ் நாராயணுக்கும் பெரிய பங்கு உண்டு. 1979-ல் மொரார்ஜி ஆட்சி கவிழ்ந்தது. வெங்காய விலையோ வீட்டுக்கு வீடு கண்ணீர் வரவழைத்தது.

1980 ஜனவரியில் மறுபடியும் தேர்தல். இந்திரா காங்கிரசுக்கு 353 இடங்கள்! ரேபரேலியிலும் இந்திரா காந்தி ஜெயித்தார். ஆந்திராவின் மேடக்கிலும் ஜெயித்ததால், ரேபரேலியை விட்டுவிட்டு மேடக்கை வைத்துக்கொண்டார்.

ராஜ் நாராயண் அந்த முறை காசியில் நின்றார். தோற்றார்.