கிட்டாரின் குதிரையைச் செதுக்கும் முறை

எஃகுத் தந்தி பூட்டிய கிட்டாரின் மேற்பலகைமீது ஒட்டப்பெற்றுத் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டை, வீணைக்கு வழங்கும் பெயராலேயே குதிரை என்போம். காண்பதற்கு அற்பமாகிய இவ்வுறுப்பு தம்முள் மாறுபட்ட இரு தொழில்களை இயற்ற வேண்டியதாயுள்ளது. மெல்லிய தந்திகள் ஆறும் சுருதி கூட்டப்பட்டபின் ஏறத்தாழ 160 இராத்தல் விசையோடு இதனை இழுக்கும். அவ்விழுப்பிற்குப் பெயராது நிற்றல் வேண்டும். தந்தியின் அதிர்வைப் பலகைக்கு ஊட்ட வேண்டுதலின், பலகையோடு தானும் அதிர்தல் வேண்டும். கனத்த குதிரை ஒலியை விழுங்கிவிடும். ஈட்டி மரத்தாற் செய்தது 30 கிராம் அளவில் அமையுமாயின் நன்று. கருங்காலி அதனினும் கனமுடையது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் விளையும் ஈட்டியே அயல்நாட்டுப் பட்டறைகளிலும் இதற்கு எடுக்கப்படுகின்றது.

நன்குலர்ந்து, நேரிய இரேகையோடு கூடிய கட்டையை 6 அங்குல நீளமும் 3/8 அங்குலக் கனமும் உடையதாக இழைத்துக்கொள்க. இரேகை நீளவாட்டில் ஓட வேண்டும். எலும்புத்துண்டு அமரும் பள்ளத்தையும், ஆணிகளுக்குரிய ஆறு துளைகளையும் கட்டை சதுரமாயிருக்கும்போதே அமைத்துவிடுதல் அறிவுடைமை; வளைத்துச் செதுக்கியபின் கட்டையைப் பிடிப்பது அரிது. தடித்த தந்தியை அழுத்துங்கால் அதன் சுருதி மெல்லிய தந்தியினும் மிகுதியாக ஏறும். அதனை ஈடுசெய்யவே பள்ளத்தைச் சாய்வாக வெட்டி, தடித்த தந்தியின் பக்கத்தை 1/8 அங்குலம் பின்தள்ளுவர். துளைகள் ஒரே இரேகைமீது வரிசையாய் விழுவதால் கட்டை அவ்வழியே பிளத்தல் கூடும்; ஆதலின் முதலிற் சிறு துரப்பணத்தாலிட்டுப் பின்னர்ச் சிறிது சிறிதாக அகலித்தல் வேண்டும்.

இனி, தொழிலின் உயிர்நிலை அடிப்பக்கமே. கிட்டாரின் மேற்பலகை தட்டையன்று, சற்றே குவிந்தது. 25 அடி ஆரமுள்ள வளைவாயின், 6 அங்குல நீளத்தில் அதன் எழுச்சி 0.4 மில்லிமீட்டர் அளவே. தடித்த அட்டையின் கனமேயாகும் இது பற்றிப் பலர் கவலை கொள்வதில்லை. தட்டையான குதிரையை வச்சிரம் தடவி, கவ்விகளால் நெருக்கி ஒட்டிவிடுவர். நெருக்குண்ட மரம் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயலும்; தந்தியின் இழுப்பும் அதற்குத் துணைசெய்யும். சின்னாளிற் பின்விளிம்பு மேலெழும். இதற்கு மாற்று மிக எளிது. மேற்பலகையிற் குதிரை நிற்குமிடத்தில் முரட்டு உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலாக விரித்து ஒட்டி, குதிரையின் அடியிற் பென்சிற் கோடுகளிட்டு, அத்தாளின்மேல் நீளவாட்டிற் சிறு சிறு இழுப்பாகத் தேய்க்க. விரலழுத்தம் மென்மையாக இருத்தல் வேண்டும். கோடுகள் முற்றும் மறையுமளவும் தேய்த்தால், பலகையின் வளைவே குதிரைக்கு அச்சாகிவிடும்.

அடி பொருந்திய பின்னரே இருசிறகுகளையும் மெலிவித்தல் தகும். பக்கத்தில் வளைவை வரைந்து, குறுக்கே வாளால் நெருங்க அறுத்து, இடைப்பட்ட மரத்தை உளியாற் பெயர்த்தெறிக. பின்னர் அரைவட்ட அரமும், குழாயிற் சுற்றிய உப்புத்தாளும் போதும். சிறகுநுனி 1/8 அங்குலமாக மெலியலாம். துளைகளைச் சூழ்ந்த நடுப்பகுதியை அழகு கருதிக் குறைத்தல் ஆகாது.

ஒட்டுமுன் குதிரையின் எல்லைக்குட்பட்ட மெருகைச் சுரண்டி வெறுமரத்தைக் காண வேண்டும். மெருகின்மேல் வச்சிரம் பற்றாது. ஒட்டிய பின் ஒரு நாள் முழுதும் கழிந்த பிறகே தந்தி பூட்டுக.